ஊற்றாத தண்ணீர்

அந்த வருஷம் நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சாலைகளில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். இட ஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டம். பஸ் ஓடவில்லை, பள்ளிக்கூடம் இல்லை. இப்போது யார் வீட்டுக் கல்யாணத்திலாவது நாம் சந்தித்துக்கொண்டால் அந்த நாட்களைச் சொல்லிச் சிரிக்கிறோம். காலியாகக் கிடந்த சேலம் ரோட்டில் பாண்டி ஆடினோம், விழுந்து கிடந்த மரத்தில் ஏறாமலேயே புளியங்காய் பறித்தோம் என்று. நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்த வாரத்தில் நான் செய்ததை மட்டும் உங்களில் யாரிடமும் சொன்னதில்லை. முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொள்ளும் வயது வந்துவிட்டது. இனியும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் ஒரு வேன் இருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். வகுப்பில் என்னை 'வேன்கார வூட்டுப் பொண்ணு' என்றுதான் கூப்பிட்டீர்கள். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பதினொரு பேர். உரக்கடையில் நாலு காசு பார்த்ததும் கார் வாங்கலாம் என்றார் சித்தப்பா. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"கார் வாங்குனா பாதிப் பேர வூட்ல வுட்டுட்டுப் போவணும். வேன்னா கதவப் பூட்டிக்கினு மொத்தமாக் கெளம்பலாம்" என்றார்.

சென்னையில் ஏதோ ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் அது. சந்தன நிறம், நடுவில் நீலப் பட்டை. பெயிண்டுக்கு அடியில் பழைய கம்பெனியின் எழுத்துகள் மங்கலாகத் தெரியும். எஞ்சின் உள்ளேயே, டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவில், ஒரு பெட்டிக்குள் இருந்தது. அதன் மூடி மேல் சாக்கு மடித்துப் போட்டு உட்காருவதற்கு எங்களுக்குள் சண்டை நடக்கும். மார்கழியில் இதமாக இருக்கும், சித்திரையில் தொடை வெந்துபோகும். அம்மா தன் பழைய பச்சைப் புடவையைக் கிழித்து ஜன்னல்களுக்குத் திரை தைத்தாள். டீசல், ரெக்சின், வாந்தி வராமலிருக்க ஆளுக்கொன்றாகப் பிடித்திருக்கும் எலுமிச்சம்பழம் எல்லாம் கலந்த ஒரு வாசனை அதற்கு உண்டு. இன்றும் எங்காவது எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறினால் எனக்கு அந்த வேன்தான் ஞாபகம் வருகிறது.

அதை வைத்துக் காப்பாற்றுவது சாதாரண வேலையில்லை. பேட்டரி சரியில்லை. காலையில் தள்ளினால்தான் கிளம்பும். ஒருமுறை உளுந்தூர்பேட்டையில் கல்யாணம். அம்மாவும் சித்தியும் பட்டுப் புடவையை இடுப்பில் தூக்கிச் சொருகிக்கொண்டு தெருமுனை வரை தள்ளினார்கள். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. சூடு காட்டும் முள் எப்போதோ செத்துப் போயிருந்தது. ரேடியேட்டரில் ஒழுகல். எஞ்சின் சூடாகாமல் வைத்திருக்கும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு வைத்தியம், ஒரு கை மஞ்சள் தூளை அதற்குள் கொட்டுவது. தூள் போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். நாலு நாளைக்கு நிற்கும், பிறகு மறுபடி சொட்டும். எஞ்சின் சூடேறினால் வண்டிக்குள் ரசம் கொதிக்கிற மாதிரி மஞ்சள் வாசனை வரும்.

"மொதலாளி, ரேடியேட்டர மாத்திடணும். மஞ்சத்தூளு எத்தினி நாளைக்குத் தாங்கும்?" என்று டிரைவர் அண்ணன் கேட்டுக்கொண்டே இருப்பார்.

"கரும்பு வெட்டட்டும், பாத்துக்கலாம்" என்பார் அப்பா. அந்த முள்ளுக்கும் இதே பதில்தான்.

டிரைவர் அண்ணனுக்கு எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முன்பு லாரி ஓட்டியவர். அப்போது முப்பது வயது இருக்கலாம், புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. போராட்டம் நடத்தியவர்களும் அவரும் ஒரே சாதி, நாங்கள் வேறு. அந்த வாரம் வரை இதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. எங்களோடு கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். அம்மாவை அண்ணி என்பார்.

தினமும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை நான்தான் அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். வீட்டு போர் தண்ணீர் உப்பு, அது ரேடியேட்டரை அடைத்துவிடும். அதனால் ஆற்றங்கரைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து நீல கேனில் நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டும். பெண்பிள்ளைக்கு வண்டி வேலை எதற்கு என்று சித்தப்பா முணுமுணுத்தார். டிரைவர் அண்ணன்தான், "இருக்கட்டும், பாப்பா கரெக்டா செய்யுது" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு ஒரு நாள்கூட நான் தவறவிட்டதில்லை. அந்த மூன்று நாளைத் தவிர.

போராட்டம் தொடங்கியதும் அப்பா வேனைச் சுவரோரம் நிறுத்திச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஊருக்குப் போக பஸ் இல்லாததால் டிரைவர் அண்ணன் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். வண்டிதான் எங்கேயும் போகவில்லையே என்று நான் கேனைத் தொடவில்லை. முதல் நாள் சோம்பல். இரண்டாம் நாள் மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை நான் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆள் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். கல்வராயன் மலைக்காரர். முந்தின நாள் மதியம் வெள்ளிமலையில் கிளம்பி நடந்தே வந்திருந்தார். இடுப்பு வேட்டியில் சுருட்டி வைத்திருந்த கடிதத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார்.

என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, வெள்ளிமலையில் இருந்தாள். மாமா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அத்தைக்கு அது எட்டாம் மாதம். வலி கண்டுவிட்டது, உதிரம் படுகிறது, கீழே கொண்டுபோகச் சொல்லி நர்ஸ் சொல்கிறாள், மலைக்கு பஸ் வரவில்லை, எப்படியாவது வேனை அனுப்பவும் என்று மாமா எழுதியிருந்தார்.

வீடு கலைந்துபோயிற்று. அம்மா பழைய துணிகளையும் ஃப்ளாஸ்கையும் எடுத்துப் பையில் திணித்தாள். வண்டியைப் போராட்டக்காரர்கள் மறித்தால் என்ன செய்வது என்று அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அப்பா சித்தப்பாவிடம் சொன்னார். "பொம்பளயும் பொண்ணும் உள்ள இருந்தா வுட்டுடுவாங்க. பாப்பாவயும் கூட்டிக்கினு போ."

நான் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினேன். டிரைவர் அண்ணன் சக்கரத்துக்கு அடியில் வைத்திருந்த கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். குனிந்தபடியே கேட்டார்.

"பாப்பா, தண்ணி பாத்தியா?"

"பாத்துட்டேண்ணா. ஃபுல்லா இருக்குது."

இல்லை என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கிணற்றுக்கு ஓடிப்போய் வந்திருக்கலாம். உப்புத் தண்ணீரையாவது ஊற்றியிருக்கலாம். மூன்று நாள் ஊற்றவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும், 'பாப்பா கரெக்டா செய்யுது' என்று இனிமேல் சொல்லமாட்டார். அந்த ஒரு நொடியில் என் மனதில் இருந்தது அது மட்டும்தான். எப்போதும் தானே ஒருமுறை திறந்து பார்ப்பவர், அன்று அவசரத்தில் என் பேச்சை நம்பினார்.

அம்மா, சித்தப்பா, நான், கடிதம் கொண்டுவந்த மலைக்காரர் நாலு பேரும் ஏறிக்கொண்டோம். கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் சாலையில் மரம் கிடந்தது. இருபது முப்பது பேர் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தார்கள். டிரைவர் அண்ணன் இறங்கிப் போனார். நானும் சித்தப்பாவும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வண்டி போவக்கூடாதுன்னு தெரியாதா?" என்றார் ஒருவர்.

"தெரியும்ணே. மேல ஒரு பொம்பளைக்கு எட்டு மாசத்துலயே வலி எடுத்துக்கிச்சி. உள்ள பாருங்க, பொம்பளயும் புள்ளயும் இருக்குது. நானும் நம்ம ஆளுதான். இப்ப வழி வுடுங்க, அவுங்கள கொண்டாந்து சேத்துட்டு நானே வந்து உங்களோட குந்திக்கிறேன்."

அவர்கள் எங்களை எட்டிப் பார்த்தார்கள். அம்மா கை கூப்பினாள். ஐந்தாறு பேர் சேர்ந்து மரத்தின் நுனிக் கிளையை வளைத்துப் பிடித்துக்கொள்ள, வேன் மண்ணில் இறங்கித் தாண்டியது. "பத்தரமாப் போய்ட்டு வாங்க" என்று ஒருவர் வேனின் பக்கவாட்டில் தட்டினார். சித்தப்பா அவர்களைப் பார்க்கவில்லை. டிரைவர் அண்ணனின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மலை ஏறத் தொடங்கியதும் எஞ்சின் முனகியது. நான் எஞ்சின் பெட்டி மேல்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வளைவில் சாக்கையும் தாண்டிச் சுட்டது. எழுந்து அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், ஏன் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் வாசனை வந்தது. அது கொதிக்கிற வாசனை இல்லை, அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை. டிரைவர் அண்ணன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். வண்டியை ஓரம் கட்டப் போனார். அதற்குள் உள்ளே ஏதோ இறுகிப் பிடித்த மாதிரி ஒரு சத்தம், வேன் குலுங்கி நின்றது.

அவர் இறங்கிப் போய் முன்பக்கம் திறந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். புஸ்ஸென்று ஆவி அடித்தது. வலது கை முழங்கை வரை வெந்துபோனது. அவர் கத்தவில்லை. கையை உதறிக்கொண்டு, "தண்ணியே இல்ல அண்ணி, உள்ள தண்ணியே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மலைக்காரர் பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் பிடித்து வந்தார். ஊற்றியும் எஞ்சின் அசையவில்லை. ஜாம் ஆகிவிட்டிருந்தது.

அம்மா தேங்காய் எண்ணெயைத் தேடிக் கையில் தடவினாள். எண்ணெய் காய்வதற்குள் டிரைவர் அண்ணன் செருப்பைக் கழற்றி வேனுக்குள் போட்டார். மலைக்காரரிடம், "குறுக்கு வழி இருக்குதா?" என்று கேட்டார். இருவரும் காட்டுக்குள் ஏறிப் போனார்கள்.

நாங்கள் மூவரும் பகல் முழுக்க அங்கேயே இருந்தோம். சித்தப்பா சாலையில் இப்படியும் அப்படியும் நடந்தார். அம்மா வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டே இருந்தாள். நான் சீட்டுக்கு அடியில் கிடந்த நீல கேனைக் காலால் உள்ளே தள்ளிவிட்டேன். அத்தை செத்துப் போவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அத்தைதான் எனக்கு ஐந்து வயது வரை தலை வாரிவிட்டவள்.

வெயில் சாயும் நேரத்தில் மேலே பேச்சுக் குரல் கேட்டது. கம்பளியை மூங்கிலில் தொட்டில் மாதிரி கட்டி அத்தையைத் தூக்கி வந்தார்கள். மலைக்காரர்கள் எட்டு பேர் முறை வைத்துத் தோள் மாற்றினார்கள். அவர்களோடு சேர்ந்து டிரைவர் அண்ணனும் வந்தார். வெந்த கையை மார்போடு மடித்து வைத்துக்கொண்டு இடது தோளில் மூங்கிலைத் தாங்கியிருந்தார். வாழையிலையைக் கையில் சுற்றியிருந்தார்கள். மாமா பின்னால் ஓடிவந்தார். வேனைத் தாண்டி இறங்கும்போது அத்தையின் முனகல் எனக்குக் கேட்டது. உயிரோடுதான் இருந்தாள்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில், விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு கை அளவுதான் இருந்ததாம். பிழைத்துக்கொண்டது. இன்று அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், என்னைவிட உயரம்.

இங்கே கதை நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக் கூடத்தில் விசாரணை நடந்தது. டிரைவர் அண்ணன் கையில் கட்டோடு தூண் பக்கம் நின்றார். சித்தப்பாதான் ஆரம்பித்தார்.

"அவனுங்ககிட்ட போயி இன்னாடா பேசுன? திரும்பி வந்து உங்களோட குந்திக்கிறேன்னு சொல்லல? நானே காதால கேட்டேன். வண்டி ஓடக்கூடாதுன்னு உங்க ஆளுங்க சொல்லிட்டாங்க, நீ தண்ணிய எறக்கி வுட்டுட்டுத்தான வண்டிய எடுத்த?"

"அய்யோ, அப்பிடி இல்லீங்க. வழி வுடறதுக்காவ சொன்னதுங்க அது" என்றார்.

அப்பா கையமர்த்தினார். "கெளம்பறதுக்கு முன்ன தண்ணி பாத்தியா, இல்லையா?"

"நான் பாக்கல மொதலாளி. பாப்பாவக் கேட்டேன். ஃபுல்லா இருக்குதுன்னுச்சி."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார். "பாத்தியாம்மா?"

உண்மையைச் சொல்ல அது இரண்டாவது வாய்ப்பு. சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

"பாத்தேம்ப்பா. கெணத்துத் தண்ணி ஊத்தினேன். நெறைய இருந்துச்சி" என்றேன்.

"அப்ப அந்தத் தண்ணி எங்கடா போச்சி?" என்று சித்தப்பா எழுந்து டிரைவர் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார். அப்பா தடுக்கவில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்றவள் உள்ளே போய்விட்டாள்.

டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. எதையோ யோசித்துப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். அவருடைய செருப்பு வேனுக்குள்ளேயே கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடு என்றுகூட எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேனை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சினுக்குச் செய்கிற செலவில் வேறு வண்டியே வாங்கலாம் என்றார்கள். சுவரோரம் இரண்டு வருஷம் நின்றது. கோழிகள் உள்ளே முட்டையிட்டன. பச்சைத் திரைகள் வெயிலில் வெளுத்து நூல் நூலாகப் போயின. பிறகு பழைய இரும்புக்காரர் வந்து வெட்டி எடுத்துப் போனார். நான் பெரியவளானேன், கல்யாணமாகி வெளியூர் போனேன். நல்ல நாளும் பெரிய நாளும் வந்து போயின. இரவு படுத்தால் கன்னத்தில் அறைந்த அந்தச் சத்தம் மட்டும் எப்போதாவது கேட்கும்.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆனபோது அம்மாவிடம் சொன்னேன். கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டிருந்தது. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள். "கேன் காஞ்சி கெடந்துது. கெளம்பும்போதே பாத்தேன், நீ ஊத்திட்டு வந்திருக்கன்னு நெனச்சிட்டேன். அப்பறந்தான் புரிஞ்சிது."

"ஏம்மா சொல்லல?"

"பொம்பளப் புள்ள. அத்த சாவக் கெடந்தது உன்னாலன்னு ஆயிரும். காலத்துக்கும் அந்தப் பேரு நிக்கும். நாலு நாள் கழிச்சி மெக்கானிக்கு வந்து, ரேடியேட்டர்ல இம்மாம் பெரிய ஓட்ட இருக்குது, நிறுத்தி வெச்சாலே ஒழுகிப் போயிருக்கும்னு சொன்னாரு. உங்கப்பாவும் சித்தப்பாவும் கேட்டுக்கினுதான் இருந்தாங்க. அடிச்சிட்ட ஆள எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கூப்புடறதுன்னு வுட்டுட்டாங்க."

என் பாரம் கொஞ்சம் குறையும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. ஒரு வீடே சேர்ந்து ஒரு மனுஷன் மேல் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. முதலில் உட்கார்ந்தவள் நான்.

மறுநாளே எலவனாசூர்கோட்டைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அவர் ஊருக்குப் போனேன். பழைய வேன் டிரைவர் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வலது கையில் தீக்காயத் தழும்பு இருக்கும் என்றதும் ஒரு பெண் வீட்டைக் காட்டினாள்.

வேலி ஓரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. யாரென்று சொன்னேன். "பாப்பாவா?" என்று எழுந்து நின்றுவிட்டார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கி வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாள் ஊற்றவில்லை, அன்று பார்க்கவில்லை, கூடத்திலும் பொய்தான் சொன்னேன் என்று.

அவர் மறுபடி கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப நீ ஊத்தவே இல்ல?"

"இல்லண்ணா."

"நான் வேற மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன். பாப்பா ஊத்துனேன்னு சொல்லுது, அது பொய் சொல்லாது. அப்ப ரேடியேட்டருக்கு அடியில தண்ணி எறக்குற கொழாய நான்தான் சரியா மூடல, வழியெல்லாம் தண்ணி ஒழுகிக்கினே போயிருக்குதுன்னு. முந்தின வாரம் கடேசியா அந்தக் கொழாயத் தொட்டது நான்தான? ஒரு உசுரு போவ இருந்துதேன்னு அப்பறம் வண்டியே எடுக்கல நான். கரும்பு வெட்டத்தான் போனேன்."

அவர் மனைவி எங்களுக்கு நடுவில் நின்றவர், என்னிடம் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"அதுலேர்ந்து எதையும் நம்ப மாட்டாருங்க. அடுப்பு அணஞ்சிதா, மாடு கட்டியிருக்குதா, கதவு பூட்டியிருக்குதா, எல்லாத்தயும் மூணு தபா பாப்பாரு. நாங்க ஏதோ கொணம்னு நெனச்சிட்டோம்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். சொன்னேனா என்று இப்போது ஞாபகமில்லை. அத்தை நன்றாக இருக்கிறாளா என்று கேட்டார். அந்தக் குழந்தை என்ன செய்கிறது என்று கேட்டார். சொன்னேன். "நல்லா இருக்கட்டும்" என்றார். மறுபடி வா என்று சொல்லவில்லை.

நான் வெளியே வந்ததும் பின்னாலேயே வந்து இரும்புக் கேட்டைச் சாத்திக் கொண்டியை மாட்டினார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். கட்டிலை நோக்கி நாலடி போயிருந்தவர் நின்றார். திரும்பி வந்து கொண்டியைத் தொட்டுப் பார்த்தார். ஆட்டோ நகர்ந்தபோது மறுபடியும் வந்துகொண்டிருந்தார்.